பூங்காவைத் திறப்பதும் காப்பதும்

(உள்ளாட்சி அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரை)

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். நெரிசல் மிகுந்த குடியிருப்புகளில் வளரும் குழந்தைகளுக்கு ஓடியாட அருகிலுள்ள பூங்காவே இடம். அதை விட்டால் சாலைதான். ஆகவே பூங்காவின் பாதுகாப்பை நகரை அழகுபடுத்தும் பணியாக மட்டும் கருதுவதற்கில்லை.

சட்டத்தில் இதற்கு இடமுண்டு. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 12ஆவது அட்டவணை, பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் வைத்துள்ளது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட மனையைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தது செல்லாது என உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. இடத்தைக் காக்க இவை துணைநிற்கின்றன. அவ்விடத்தில் விளையாடும் குழந்தையைக் காப்பது அன்றாட நிர்வாகத்தின் பொறுப்பாகும்.

விபத்தின் காரணங்கள்

விளையாட்டுத் திடல்களில் நேரும் காயங்களுக்குக் கீழே விழுதலே முதன்மையான காரணம். 2 மீட்டர் உயரத்திலிருந்து தவறி விழும் குழந்தை மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். தரை தளர்ந்த, ஆழமான மணலாக இருந்தால் அவ்வேகம் படிப்படியாகத் தணியும். சிமெண்டுத் தளமாக இருந்தால் முழு அடியையும் தலையோ கையோ தாங்க நேரிடும். மணலோ மிதிபட்டு இறுகும். மழையில் அரித்துச் செல்லும். அதைக் கிளறவும் நிரப்பவும் ஆள் வேண்டும். ஊஞ்சற் சங்கிலியின் கொக்கி தேய்கிறது; கம்பத்தின் அடி மண்ணுக்குள் துருப்பிடிக்கிறது; விளக்குக் கம்பத்தின் மூடி கழன்று மின்கம்பி வெளியே தெரிகிறது. இக்குறைகளுள் எதுவும் திறப்பு விழாவன்று காணப்படுவதில்லை.

செலவினத்தின் இரு வகைகள்

பூங்கா அமைப்பது ஒருமுறைச் செலவு. பராமரிப்பது ஆண்டுதோறும் தொடரும் செலவு. முன்னதற்கு நிதி கிடைப்பது எளிது. 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டம் 500 நகரங்களைத் தேர்ந்து, குழந்தைகளுக்கு ஏற்ற பூங்காக்களுக்கும் வகை செய்தது. ஆயினும் பராமரிப்புச் செலவைத் திட்டச் செலவில் சேர்க்காமல், மாநிலங்களும் உள்ளாட்சிகளும் கட்டணம் போன்ற வருவாயிலிருந்து ஏற்க விட்டது. குடிநீருக்குக் கட்டணம் வசூலிக்கலாம். ஊஞ்சலுக்கு வசூலித்தால் ஏழைக் குழந்தை வாயிலுக்கு வெளியே நிற்கும். எனவே பூங்காவின் பராமரிப்பு நகராட்சியின் பொது வருவாயையே நம்பியுள்ளது. நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

பூட்டு ஒரு தீர்வாகுமா?

பழுதுபார்க்க வழியில்லாதபோது வாயிலைப் பூட்டிவிடுவது எளிதாகத் தோன்றுகிறது. கோப்பைப் பொறுத்தவரை அதன் பின்னர் பூங்காவில் விபத்தே இல்லை. ஆனால் குழந்தைகள் விளையாடுவதை நிறுத்துவதில்லை. வண்டிகள் ஓடும் தெருவுக்குச் செல்கின்றனர். ஆளில்லாப் பூங்கா, சூதாட்டத்துக்கும் குடிக்கும் இடமாகிவிடுகிறது. பின்னர் திறந்தாலும் குடும்பங்கள் வருவதில்லை.

மக்கள் நடமாட்டமே சிறந்த காவல். உயர்ந்த மதிலைவிட உள்ளே நடப்பது தெரியும் கம்பிவேலி, விளையாடும் இடத்தைப் பார்த்தபடி இருக்கைகள், மாலையில் விளக்கு, தூய கழிப்பிடம், குடிநீர் ஆகியவை இருந்தால் தாய்மாரும் முதியோரும் அங்கு தங்குவர். மத்திய அரசு 2020இல் தொடங்கிய சிறுகுழந்தைகளுக்கு ஏற்ற சுற்றுப்புறங்களுக்கான போட்டியில் 25 நகரங்கள் முதலில் தேர்வாயின. இந்தூர், ரூர்கேலா, காக்கிநாடா உள்ளிட்ட 10 நகரங்கள் 2022இல் வெற்றி பெற்றன. சிறு செலவில் மாற்றத்தைச் செய்துபார்த்து, மக்கள் பயன்படுத்தும் விதம் கண்ட பின் நிலைப்படுத்துவது இதன் நல்ல பாடமாகும்.

செய்ய வேண்டுவன

வரவு-செலவுத் திட்டத்தில் பூங்காப் பராமரிப்புக்குத் தனித் தலைப்பு வேண்டும். ஒவ்வொரு பூங்காவுக்கும் பொறுப்பான அலுவலர் ஒருவரின் பதவிப் பெயர் வாயிலில் எழுதப்பட வேண்டும். வாரந்தோறும் கொக்கி, கம்பம், மணல், மின்கம்பி ஆகியவற்றைச் சோதித்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பழுதான ஊஞ்சலை அன்றே கழற்றிவிடும் அதிகாரமும், சிறு பழுதுகளைச் சீர்செய்யும் அளவுக்கு முன்பணமும் அவ்வலுவலருக்கு அளிக்கப்பட வேண்டும். மேலிட ஒப்புதலுக்காகக் கோப்பு காத்திருக்கலாம். ஊஞ்சலில் ஏறிய குழந்தை காத்திருக்காது.

நகராட்சிகளின் ஆண்டறிக்கையில் புதிதாகத் திறந்த பூங்காக்களின் எண்ணிக்கையோடு, ஆண்டு முழுவதும் பழுதின்றித் திறந்திருந்த பூங்காக்களின் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும். பணியின் பயனை மதிப்பிட இரண்டாவது எண்ணே உதவும்.