திரை ஏன் துடிக்கிறது?

இளைஞர் விளையாடும் கணிப்பொறியைப் பற்றி ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேச முன்வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் அப்பொறி இன்று புகுந்துவிட்டது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விற்ற பணத்தில் ஒரு பகுதி அதற்குச் செல்கிறது. வாங்கிய சில மாதங்களில் திரை துடிக்கிறது. படம் இரண்டாகக் கிழிந்து தோன்றுகிறது. சில வேளை திரை கறுத்து மீண்டும் ஒளிர்கிறது. உடனே, "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்று யாரேனும் ஒருவர் தீர்ப்புக் கூறிவிடுகிறார். அந்தக் கார்டின் விலையோ பல ஆயிரம் ரூபாய். உயர்ந்த வகை இலட்சத்தையும் தாண்டும். பெரும்பாலும் பழுது கார்டிலேயே இருப்பதில்லை என்பதும், அதைக் காசு செலவின்றிக் கண்டறிய வழியுண்டு என்பதுமே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

கார்டும் மானிட்டரும் எவ்வாறு ஒத்துழைக்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். வகுப்பில் ஒரு மாணவன் சிலேட்டில் கணக்கை எழுதி எழுதி அழிக்கிறான். ஆசிரியர் மணி அடிக்கும்போதெல்லாம் வந்து சிலேட்டைப் பார்க்கிறார். மாணவன்தான் கார்டு, ஆசிரியர் மானிட்டர். பழைய மானிட்டர் விநாடிக்கு 60 முறை தவறாமல் பார்க்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாணவன் கணக்கை மாற்றிவிட்டால், மேற்பாதி பழைய கணக்காகவும் கீழ்ப்பாதி புதிய கணக்காகவும் தெரியும். படம் கிழிந்து தோன்றுவது இதனால்தான். இதைத் தடுக்க வி-சிங்க் என்னும் ஏற்பாடு வந்தது. மணி அடிக்கும்போது முடிந்த கணக்கை மட்டுமே காட்டலாம் என்பது அதன் விதி. இமைப்பொழுது தாமதித்தாலும் அடுத்த மணி வரை காத்திருக்க வேண்டுமாதலால், ஆட்டம் திக்கித் திக்கி நடக்கும்.

மணியையே எடுத்துவிட்டு, மாணவன் கை தூக்கும்போது ஆசிரியர் வந்து பார்த்தால் என்ன? அதுவே அடாப்டிவ் சிங்க். 2013-இல் என்விடியா நிறுவனம் ஜி-சிங்க் என்ற பெயரில் இதை அறிவித்தது. அதற்கு மானிட்டருக்குள் தனிப் பலகை ஒன்று வேண்டியிருந்தது. 2014-இல் வெசா என்னும் அமைப்பு இதை டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பின் பொது முறையாகச் சேர்த்தது. 2015-இல் ஏஎம்டி நிறுவனத்தின் பிரீசிங்க் வந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் பொது முறை மானிட்டர்களை ஏற்றுக்கொண்டது. பெயர்கள் பலவானதால் வாங்குவோர் குழம்புகிறார்கள். உள்ளிருக்கும் கருத்து ஒன்றே.

ஆயினும் ஆசிரியரின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. மானிட்டரின் விளக்கத்தாளில் 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருந்தால், விநாடிக்கு 144 முறைக்கு மேல் அதனால் வர இயலாது. 48 முறைக்குக் கீழே சும்மா இருக்கவும் இயலாது. கார்டு விநாடிக்கு 30 படங்களே வரைந்தால் என் செய்வது? இதற்கு விடையை டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் படம் பார்த்தவர்கள் அறியாமலே அறிந்திருக்கிறார்கள். திரைப்படச் சுருளில் விநாடிக்கு 24 படங்களே ஓடும். அவற்றை அப்படியே காட்டினால் கண் கூசும் என்பதால், புரொஜெக்டரின் சுழல் மறைப்பு ஒவ்வொரு படத்தையும் இருமுறை ஒளிரச் செய்து 48 ஆக்கிவிடும். கணிப்பொறியும் அதையே செய்கிறது: 30 படங்களை இருமுறை காட்டி 60 ஆக்குகிறது. இது நடக்க மேலெல்லை கீழெல்லையைப் போல் இருமடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 48 முதல் 75 வரையே உள்ள மலிவான மானிட்டரில் இதற்கு இடமில்லை. வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி இது ஒன்றே. கடைக்காரர்கள் தாமாகச் சொல்வதில்லை.

இங்கேதான் துடிப்பின் காரணமும் இருக்கிறது. கார்டின் வேகம் எல்லைக்கோட்டின் இருபுறமும் ஊசலாடினால், 49 படம் வரும்போது திரை 49 முறை புதுப்பிக்கும். 47-க்கு இறங்கியதும் இருமடங்காகி 94-க்குத் தாவும். வேகம் தாவும்போது சில திரைகளில் ஒளியளவும் சற்று மாறும். விஏ வகைத் திரையிலும் ஓஎல்இடி திரையிலும், இருண்ட காட்சிகளில் இது நன்றாகத் தெரியும். அதைக் கண்டு கார்டு சாகக்கிடக்கிறது என்று முடிவு கட்டுவது சரியன்று.

செட்டிகுளத்துப் பக்கம் என் பழைய மாணவர் ஒருவர் வெங்காயம் பயிரிடுகிறார். அவர் மகனுடைய பொறிக்கு இந்த நோய் கண்டது. புதுக் கார்டுக்கு விலை கேட்டுவிட்டு வந்த தந்தை, "பட்டறை போட்ட வெங்காயத்தை இப்பவே வித்துடலாமா, ஐயா?" என்று என்னிடம் கேட்டார். "நாளைக்குச் சொல்கிறேன், பொறு" என்று கூறிவிட்டு, பையனோடு உட்கார்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கற்பித்த விதியே போதுமானதாக இருந்தது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுது.

கேபிள் கார்டின் துளையில்தான் செருகியிருந்தது. சிலர் மதர்போர்டின் துளையில் செருகிவிட்டுக் கார்டைக் குறை கூறுவார்கள். விண்டோஸில் ரெப்ரெஷ் ரேட் 60 என்றே இருந்தது. 144 மானிட்டர் வாங்கியவன் அதுவரை 60-ஐத்தான் பார்த்திருக்கிறான்! அதை 144 ஆக்கினோம், துடிப்பு நிற்கவில்லை. வேறு கேபிள் போட்டோம், அப்பொழுதும் நிற்கவில்லை. பிறகு பழைய கேபிளையே மாட்டி, அடாப்டிவ் சிங்க்கை நிறுத்தினோம். துடிப்பு அறவே நின்றது. கார்டு பழுதாயிருந்தால் இவ்வாறு நிற்குமா? மீண்டும் அதை இயக்கி, ஆட்டத்தின் நிழல், புல் முதலிய அலங்காரங்களைக் குறைத்து வேகம் 48-க்குக் கீழே போகாமல் செய்தோம்; மேலே 140-இல் வரம்பு கட்டினோம். திரை அமைதியாயிற்று. வெங்காயம் பட்டறையிலேயே இருந்தது.

திரை கறுத்து மீளும் நோய் வேறு. அது டிரைவரைச் சார்ந்தது. டிரைவர் என்றதும் நம் அரியலூர்க்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர் நினைவுக்கு வருவார். இங்கே அச்சொல் கார்டுக்கும் விண்டோஸுக்கும் இடையே நிற்கும் மென்பொருளைக் குறிக்கும். கார்டு இரண்டு விநாடி மறுமொழி தராவிட்டால் விண்டோஸ் அதை மறுபடி தொடங்கவைக்கும். ஈவெண்ட் வியூவர் என்னும் குறிப்பேட்டில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகும். அதைப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று முன்னே டிரைவர் மாறியிருந்தால் ஐயம் அதன்மேல் விழவேண்டும். விண்டோஸ் தானாகவே டிரைவரை மாற்றிவிடுவதும் உண்டு.

புதியதே நல்லது என்று எண்ணுவோர் 2010 மார்ச்சை நினைக்கவேண்டும். அப்போது என்விடியாவின் 196.75 டிரைவர் விசிறியின் வேகத்தைக் கெடுத்துக் கார்டுகளைச் சூடாக்கியதால் திரும்பப் பெறப்பட்டது. 2025 தொடக்கத்திலும் அந்நிறுவனத்தின் 572 வரிசை டிரைவர்களில் திரை கறுக்கும் குறை எழுந்து, திருத்தங்கள் அடுத்தடுத்து வெளியாயின. ஆகவே டிவைஸ் மேனேஜரில் முந்திய டிரைவருக்குத் திரும்பிப் பார்க்கலாம். அதுவும் உதவாவிடில், இணையத் தொடர்பைத் துண்டித்து, சேப் மோடில் டிடியு என்னும் இலவசக் கருவியால் பழையதை முற்றும் நீக்கிவிட்டு, நிறுவனத்தின் தளத்திலிருந்து முன்பே இறக்கிவைத்த டிரைவரைப் பதிக்கவேண்டும்.

நம் வட்டாரத்துக் கோடையும் புழுதியும் தனிக் கணக்கு. லாரிச் சாலையோரத்து வீட்டில் பொறியின் விசிறி விரைவிலேயே வெள்ளை பூத்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் துடையுங்கள். இத்தனைக்கும் பிறகு திரை கறுத்தால், கார்டைக் கழற்றி நண்பன் வீட்டுப் பொறியில் மாட்டிப் பாருங்கள். அங்கும் கறுத்தால் பழுது கார்டில்தான். விலைச் சீட்டையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு, உத்தரவாதக் காலம் முடியுமுன் வாங்கிய கடைக்குச் செல்லுங்கள். அங்குக் கறுக்கவில்லையென்றால், உங்கள் பொறியின் எஸ்எம்பிஎஸ் போதிய மின்சாரம் தருகிறதா என்று பார்க்கவேண்டும்.