பிணை நின்றவரே பிழை செய்தால்?

அடுத்த வீடு பற்றி எரிகிறது. காற்றுத் திசை மாறினால் அடுத்தது நம் கூரை! எனவே தெருவாரெல்லாம் குடம் தூக்கி ஓடுகின்றனர். அந்த வேளையிலே, தொலைவில் உள்ள மாளிகைக்காரர் ஒரு கையிலே தண்ணீரும் மறு கையிலே எண்ணெயும் ஏந்தி வந்தால், அவரை என்னென்று அழைப்பது?

ஆப்கானிஸ்தானத்தின் நாற்பதாண்டுக் கதையை எண்ணிப் பாருங்கள்.

1988 ஏப்ரலில் ஜெனீவாவிலே ஒப்பந்தம் எழுதினர். ஒருவர் விவகாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்று ஆப்கானிஸ்தானமும் பாகிஸ்தானும் கையொப்பமிட்டன. அமெரிக்காவும் சோவியத் நாடும் பிணை நின்றன. 1989 பிப்ரவரியில் சோவியத் படை வெளியேறியது. போர் ஓய்ந்ததா? இல்லை! பிணை நின்ற இருவருமே தத்தம் அணிக்கு ஆயுதம் அனுப்பிக்கொண்டிருந்தனர்.

1999 ஜூலையில், தாஷ்கண்டிலே அண்டை நாடுகள் ஆறும், அமெரிக்காவும் ரஷ்யாவும் கூடின. எத்தரப்புக்கும் படை உதவி கூடாது என்று அறிக்கை பிறந்தது. அம்மாதம் முடியுமுன்னரே, காபூலுக்கு வடக்கே தாலிபானின் பெருந்தாக்குதல்!

2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படையும் புறப்பட்டுவிட்டது. வல்லரசு கப்பலேறிப் போகலாம், விமானமேறிப் போகலாம். ஈரான் எங்கே போகும்? தஜிகிஸ்தான் எங்கே போகும்? பாகிஸ்தான் எங்கே போகும்?

அண்டை நாடுகளின் அச்சம் வெறும் அச்சமன்று. ஹெல்மண்டு ஆற்று நீர் குறித்து ஈரானுக்கும் ஆப்கானிஸ்தானத்துக்கும் 1973லேயே உடன்படிக்கை உண்டு. ஆயினும் தண்ணீர்த் தகராறு முற்றிய நாளில், 2023 மே மாதம், எல்லைக் காவலர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். அதே ஆண்டின் இறுதியிலே, பாகிஸ்தான் ஆவணமற்ற ஆப்கானியரைக் கூட்டங்கூட்டமாக வெளியேற்றத் தொடங்கியது. குழந்தையும் மூட்டையும் சுமந்து நடந்தவர், எந்த ஒப்பந்தத்தை மீறியவர்?

வல்லரசுகள் உதவ விரும்பினால் வழி உண்டு. முதலில், தம் ஆயுதக் கிடங்கைப் பூட்டட்டும். ஆற்று நீரை அளக்கக் கருவி தரட்டும். அளந்த கணக்கை இரு கரையாரும் காணட்டும். அகதிக்குச் சோறிடும் நாட்டின் செலவிலே பங்கேற்கட்டும். கஞ்சா, அபின், துப்பாக்கி கடக்கும் எல்லைகளை அண்டை நாடுகள் கூடிக் காக்கப் பொருளுதவி புரியட்டும். கூடிப் பேசும் மேசைக்கு எவரையும் வராதே என்று தடுக்காதிருக்கட்டும்.

தலைமை, அங்கே வாழ்பவருக்கு உரியது. தொலைவிலிருந்து வருபவர் துணை நிற்கலாம், எசமானராகக் கூடாது.

தோழர்களே! அமைதிக்குப் பிணை நிற்பவர், முதலில் தம் கைக்குப் பிணை நிற்க வேண்டும். ஒப்பந்தத் தாளைக் கண்டு கைதட்டுமுன், ஆயுத வண்டி நின்றதா என்று கேளுங்கள்!