ஏன் நடந்தது என்று கேளுங்கள்

(பழைய மாணவர் கூட்டத்தில் பேசியது)



பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஏன் என்று ஆராயும் வழக்கம் தமிழ்நாட்டில் 1990-களிலேயே தொடங்கிவிட்டது. வலி கண்டதும் கிளம்பினார்களா, வண்டி கிடைத்ததா, ஆஸ்பத்திரியில் ரத்தம் இருந்ததா? நம்ம ரிஷிவந்தியத்துக்கும் கல்வராயன் மலைக்கும் இந்தக் கேள்விகள் புதுசு இல்லை.

அதையே வார்டுக்கும் கொண்டு வாருங்கள் என்கிறேன். மருந்து நேரம் தவறியதும் இன்சார்ஜ் சிஸ்டர் "யாரு செஞ்சது?" என்று சத்தம் போட்டால், அடுத்த தடவை சின்னப் பெண் மறைச்சிடுவா, கஷ்டம் நோயாளிக்குத்தான். (மெமோ எழுத அஞ்சு நிமிஷம் போதும், அது வேறே விஷயம்!) டியூட்டி மாறும்போது பத்து நிமிஷம் உட்காருங்கள். தன் ஷிப்டில் நடந்ததை முதலில் சிஸ்டரே சொல்லட்டும். ராத்திரி முழு வார்டுக்கும் ஒருத்திதான் நின்றாள் என்றால் அதையும் நோட்டில் எழுதுங்கள். அதைக் காட்டித்தான் மேலிடத்தில் கூடுதல் ஆள் கேட்க முடியும்.