குடித்த நாளிலும் மாத்திரை



1986-இல் சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரல் முதல் தேதி எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அந்த முதல் மையங்களில் ஒன்று. இன்று பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரைதான். அதை ஒழுங்காகப் போட்டு, இரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். ஆனாலும் மாதாமாதம் மருந்து வாங்கிப் போகிறவர்களில் சிலருக்கு வைரஸ் அளவு இறங்க மறுக்கிறது. காரணம் கேட்டால் பல நேரம் பதில் குடியில்தான் போய் முடிகிறது.

நம் ஏ.ஆர்.டி. மையங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று: “நேத்து சரக்கு அடிச்சிருந்தேன் சார், அதான் மாத்திரை போடல.” மறந்துபோய் விட்டவர் இல்லை இவர். மதுவும் மாத்திரையும் சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று நம்பி, தன் உடம்பைக் காப்பதாக எண்ணி, மாத்திரையைத் தள்ளிவைத்தவர். அமெரிக்காவின் அட்லாண்டாவில் செத் காலிச்மன் குழுவினர் இதே நம்பிக்கையையும், அதனால் மருந்து விட்டுப்போவதையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நம் வாயிலிருந்தும்தான். “குடிச்சா மாத்திரை வேலை செய்யாது” என்று மிரட்டி அனுப்புகிறோம். அவர் குடியை விடவில்லை, மாத்திரையை விட்டார். இன்று தரப்படும் முதல்நிலைக் கூட்டு மருந்துக்கும் மதுவுக்கும் இடையில் அப்படிப்பட்ட உடனடி நச்சு மோதல் எதுவும் இல்லை. காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவருக்குக் கல்லீரல் ஆபத்து உண்டு. அதை மருத்துவர் தனியாகப் பார்க்க வேண்டும். மற்றபடி “குடித்தாலும் மாத்திரையை விடாதீர்கள்” என்று எல்லா மையத்திலும், எல்லா வருகையிலும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த மாநாடு கூடியிருந்தாலும் தகும்.

குடியைக் குறைக்க உதவும் பேச்சு சிகிச்சை என்பது புத்திமதி சொல்வது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். நல்ல ஆலோசகர் ஒருவர் வேலை செய்வதைக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். எதிரே இருந்தவர் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குபவர். “குடிப்பீங்களா?” என்று ஆலோசகர் கேட்கவில்லை. “நேத்து வேலை முடிஞ்சது எத்தனை மணிக்குண்ணே? கூலி எங்க வச்சு குடுத்தாங்க? கூட யாரு இருந்தா?” என்று கேட்டுக்கொண்டே போனார். கூலி கைக்கு வந்த இடம், பக்கத்திலேயே டாஸ்மாக், இரண்டு பேர் பங்கு போடக் கூப்பிட்டது, முதுகுவலி, ஒரு கட்டிங், பிறகு குவார்ட்டர், பிறகு வீட்டுக்குப் போனதே நினைவில்லை. இரவு மாத்திரை டப்பா திறக்கப்படவே இல்லை. அந்தச் சங்கிலியை அந்தத் தொழிலாளியே வரிசையாகச் சொல்லி முடித்தபோது, எந்தக் கண்ணியில் கை வைக்கலாம் என்றும் அவரே சொன்னார்: கூலியை வாரக் கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன், மாத்திரையைக் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பே போட்டுவிடுகிறேன். மருத்துவரும் நேர மாற்றத்துக்குச் சம்மதித்தார்.

இப்படிப் பேச மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. கென்யாவின் எல்டோரெட் நகரில் ரெபேக்கா பாப்பாஸ் குழுவினர் செய்த வேலையை இந்த அவை கவனமாகப் படிக்க வேண்டும். எச்.ஐ.வி. சிகிச்சைக்கு வருபவர்களில் அளவுமீறிக் குடிப்பவர்களை, ஆண்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும், சிறு குழுக்களாக உட்காரவைத்து, ஸ்வாஹிலி மொழியில், வாரம் ஒன்றாக ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். நடத்தியவர்கள் மனநலப் பட்டதாரிகள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 75 பேரோடு செய்த முதல் சோதனையில், அமர்வுகள் முடிந்து 90 நாள் கழித்து, குடிக்கவில்லை என்று சொன்னவர்கள் 69 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 38. பிறகு 614 பேரோடு பெரிய ஆய்வு நடந்தது. அதிலும், உடல்நலக் கல்வி மட்டும் பெற்றவர்களைவிட இந்தப் பேச்சு அமர்வுகளில் இருந்தவர்கள் குறைவாகக் குடித்தார்கள். நம் நாட்டிலேயே கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், சாதாரண ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசியே தீங்கான குடியைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். அது எச்.ஐ.வி.க்கான ஆய்வு அல்ல என்றாலும், முறை நமக்கு உதவும்.

எல்டோரெட்டில் குடியை மறுக்கும் திறனைப் பழக்கினார்கள். நமக்கு அதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நேற்றுவரை கூடக் குடித்தவன் இன்று வேண்டாம் என்றால், “என்னடா, உனக்கு என்ன வியாதி?” என்று கேட்பார்கள். எச்.ஐ.வி.யை மறைத்து வாழ்பவருக்கு அந்தக் கேள்வி கத்தி. வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே டம்ளரைக் கையில் வாங்கியவர்கள் உண்டு. ஆகவே பதிலை முன்கூட்டியே ஒத்திகை பார்க்க வேண்டும். “மஞ்சக்காமாலை வந்துட்டுப் போச்சு, ஒரு வருஷம் தொடக் கூடாதாம்” என்றால் நம் ஊரில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். மருத்துவர்கள் சிலருக்கு இது பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதாகப் படும். என் கருத்தில், தன் இரகசியத்தைக் காப்பது எச்.ஐ.வி.யுடன் வாழ்பவரின் உரிமை.

சபரிமலைக்கு மாலை போடுபவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. மண்டலம் முழுவதும் தொடாதவர் மாலை கழற்றியதும் தொடங்கிவிடுகிறார் என்று அலுத்துக்கொள்கிறோம். அந்த நாட்களில் மாலை ஆறு மணிக்கு எங்கே இருந்தீர்கள், யாரோடு பேசினீர்கள், தூக்கம் எப்படி வந்தது என்று கேளுங்கள். விட்டுப் பார்த்த அனுபவம் அவரிடமே இருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: காலையில் எழுந்ததும் கை நடுங்கிக் குடிப்பவரைத் திடீரென நிறுத்தச் சொல்லக் கூடாது. வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அவருக்கு முதலில் மருத்துவமனைப் படுக்கை, பிறகுதான் பேச்சு.

குடிக்கும் பெண்களைப் பற்றி நம் பதிவேடுகளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. குடிக்காததால் அல்ல, நாம் கேட்காததால். பெண் ஆலோசகர்கள் இந்த இரண்டு நாளில் இதை விரிவாகப் பேச வேண்டுகிறேன்.

நிர்வாகத்திடம் நான் கேட்பது சிறிதுதான். தீங்கான குடியைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஆடிட் வினாக்கள் பத்து. அவற்றை ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு ஒரு முறையாவது நிதானமாகக் கேட்க நேரம் கொடுங்கள். கதவு சாத்தக்கூடிய ஓர் அறை கொடுங்கள். வரிசையில் நாற்பது பேர் நிற்க, மருந்துக் கவுண்டர் ஓரத்தில் நின்றுகொண்டு எந்த மனிதரும் தன் குடியைப் பற்றி உண்மை பேச மாட்டார்.

முதல் அமர்வில் களத்து ஆலோசகர்கள் தங்கள் உரையாடல் பதிவுகளைப் பெயர் நீக்கி வாசிக்கப்போகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கு முன்னால் அவற்றை வைத்திருப்பது என் வேண்டுகோளின்படிதான். அவர்களை மேடைக்கு அழைத்து, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.