அத்தையின் ஒன்றரை ஏக்கர்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழிற்சாலை அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாய்லரைப் பற்றிப் பேசினால் மெக்கானிக்கல்காரர்களே தூங்கிவிடுவீர்கள். அதனால் பாய்லர் வேலைக்குப் போன இடத்தில் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அங்கிருந்து நம் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தோனேஷியாவின் மேற்குச் சுமத்ராவில் ஒரு பாமாயில் ஆலைக்குப் பாய்லர் பொருத்த மூன்று மாதம் போயிருந்தேன். கூட வேலை செய்த ஃபிட்டர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கிராமத்துக்கு அழைத்துப் போனார். சுற்றிலும் நெல் வயல். நடுவே எருமைக் கொம்பு போல இரு முனையும் மேலே வளைந்த கூரையோடு ஒரு மர வீடு. "உங்கள் வீடு அழகாக இருக்கிறது" என்றேன். அவர் சிரித்தார். "இது என் மனைவியின் வீடு. நான் இங்கே விருந்தாளி மாதிரி. என் பிறந்த வீடு என் அக்கா, தங்கைகளுடையது" என்றார். நான் ஏதோ மொழிக் குழப்பம் என்று நினைத்து மறுபடி கேட்டேன். குழப்பம் எனக்குத்தான்!

அந்த மக்களுக்கு மினாங்கபாவ் என்று பெயர். இஸ்லாமியர்கள். பரம்பரை வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஒருவர் தானே சம்பாதித்ததைப் பிள்ளைகளுக்குத் தரலாம். பரம்பரை நிலத்தில் கை வைக்க முடியாது. அடகு வைக்கக்கூட நான்கே காரணங்கள்தான் வழக்கத்தில் உண்டு: வீட்டில் பிணம் கிடக்க அடக்கத்துக்குப் பணமில்லை, வயது வந்த பெண்ணுக்குத் திருமணம் ஆகவில்லை, பெரிய வீடு ஒழுகுகிறது, குலத்தலைவர் பட்டம் கட்ட வேண்டும். ஆண்பிள்ளைகள் பிழைப்பும் படிப்பும் தேடி வெளியூர் போவார்கள். இந்தோனேஷியாவின் முதல் துணை அதிபர் முகமது ஹத்தா அப்படி வெளியே போன ஒரு மினாங்கபாவ்காரர்தான்.

இதை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. நிலம் பெண்கள் பெயரில் இருந்தாலும், தாய்மாமனின் சொல்லுக்கு அங்கே கனம் அதிகம். அவரை 'மாமாக்' என்கிறார்கள். நம் காதுக்கு 'மாமா' என்றே விழும்.

நம்மவர்களுக்கும் இது புதிதல்ல. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி இருந்தது. ஆண்களின் சொத்து பெற்ற பிள்ளைக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைக்குப் போனது. அதனால் வந்த சண்டைகளைத்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' என்று கேலியாகப் பாடினார். 1926ல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு அதை மாற்றியது. இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் இன்றும் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்கிறார்கள். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருகிறார்.

அன்று மாலை ஃபிட்டர் என்னைக் கேட்டார்: "உங்கள் ஊரில் உங்கள் அப்பாவின் சகோதரிக்கு எந்த வயல்?" எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டியிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். தாத்தா தன் உழைப்பில் வாங்கிய மூன்று ஏக்கர், ஏரிப் பாசனம். நவரைப் பட்டத்தில் நல்ல நெல் விளையும். அவர் 1996ல் உயில் எழுதாமல் காலமானார். பாட்டி முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இரண்டே பேர்: அப்பாவும் அத்தையும். 1956ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்குச் சரிபாதி, ஒன்றரை ஏக்கர். இது அப்போதே சட்டம். புதிதாக யாரும் போராடிப் பெற வேண்டியதில்லை.

காரியம் முடிந்த மறுவாரமே அத்தையைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். விடுதலைப் பத்திரம். அத்தை ஐந்தாவது வரை படித்தவர். யாரும் படித்துக் காட்டவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தோம் என்று எங்கள் வீட்டில் பெருமையாகவே சொல்வார்கள்.

2006ல் எனக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்காக அப்பா ரோட்டோரம் இருந்த ஒரு ஏக்கரை விற்றார். சிப்காட் பக்கம் என்பதால் உடனே ஆள் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஏக்கரில் நியாயப்படி பாதி அத்தையுடையது. என் பட்டத்தில் பாதி அத்தை கட்டிய ஃபீஸ். அத்தை மகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றாள். ஒரு வருட ஃபீஸுக்கு வழியில்லை.

அப்பா 2021ல் தவறினார். அம்மா, நான், தங்கை என மூன்று வாரிசுகள். மீதி இருந்தது இரண்டு ஏக்கர். பதினாறாம் நாள்கூட ஆகவில்லை, பங்காளி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு கையெழுத்து வாங்கிடுப்பா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் வழக்கம் என்று நம்புகிறவர்.

தங்கையிடம் பேசினேன். அவளே முந்திக்கொண்டாள். "நான் கையெழுத்து போட்டுடறேண்ணா. அம்மா வீடுன்னு ஒண்ணு இருக்கணும், வந்து போக வழி இருக்கணும். அது போதும்." எனக்குச் சுருக்கென்றது. சொத்து கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்று என் தங்கை, ஒரு டீச்சர், என்னிடமே பயப்படுகிறாள். சுமத்ராவில் அந்தப் பெண்களுக்கு வாசலே சொந்தம். நம் பெண்கள் வாசலுக்கு விலையாக வயலைக் கொடுக்கிறார்கள்.

கையெழுத்து வாங்கவில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தோம். ஆளுக்குச் சுமார் 66 சென்ட். பட்டாவில் அவள் பெயர் வந்த அன்று போனில் அழுதாள். வாசல் ஒன்றும் அடைபடவில்லை.

பிறகு அத்தையைப் பார்க்கப் போனேன். என் பங்கில் பாதியை எழுதித் தருகிறேன் என்றேன். காபி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்கு இன்னாத்துக்குடா இப்போ? உன் அப்பன் படிப்புக்குன்னு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். ஒரு வார்த்தை கேக்கல, அதான்." இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் மகள் பெயருக்கு எழுதலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

தம்பி, தங்கைகளே, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929ல் பெரியார் கூட்டிய செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அன்று பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன; திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997ல். பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலப் பங்கு என்று தமிழக அரசு 1989 மார்ச் 25 முதல் சட்டம் செய்தது. ஆனால் அன்றைக்கு முன் மணமானவர்களுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இத்தனையையும் ஒரே ஒரு கையெழுத்து இல்லாமல் செய்துவிடும். ஆகவே இரண்டே வேண்டுகோள். தங்கைகளே, துக்க வீட்டில் யார் நீட்டினாலும், முழுதும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது உங்கள் விருப்பம். தம்பிகளே, தோழர்களே, உங்கள் படிப்புச் செலவுக்கு எந்த நிலம் விற்றார்கள், அது யாருடைய பங்கு என்று இன்று இரவு வீட்டில் கேளுங்கள். அத்தை இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.