ஒரு சுவருக்கு ஆறு முகம்

வழக்கமாக இந்த நேரத்தில் வருமான வரி, சூப்பரனுவேஷன், ஜி.எஸ்.ரி. என்று உங்கள் பொறுமையைச் சோதிக்கிற நான், இன்று ஒரு சுவரைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்தச் சுவர் கணினிக்குள் இருக்கிறது.

2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில், இங்கே மெல்பேர்ணில் வீட்டிலிருந்து 5 கிலோமீற்றருக்கு அப்பால் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள் அல்லவா? அந்த நாட்களில்தான் என் மகள் எனக்குச் செக்கன்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தைக் காட்டினாள். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லின்டன் லாப் நிறுவனம் 2003இல் திறந்துவிட்ட உலகம் அது. விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்து, நமக்குப் பிடித்ததைக் கட்டிக்கொள்ளலாம். நான் எங்கள் வீட்டைக் கட்டத் தொடங்கினேன்.

எங்கள் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990இல் வெளிக்கிட்டோம். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 2018இல் அண்ணா ரொறன்ரோவில் இருந்து போய்ப் பார்த்தபோது கிணறும் அத்திவாரமும் மட்டும் மிஞ்சியிருந்தன. கையில் இருப்பது 1985இல் எடுத்த ஒரேயொரு படம். வீட்டின் முன்சுவர், அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பக்கத்தில் சாய்ந்தபடி அப்பா.

அந்த உலகத்தில் ஒன்றைக் கட்ட, பிரிம் எனப்படும் அடிப்படை உருவங்களில் இருந்து தொடங்கலாம். பெட்டி, உருளை, கோளம் என்று பல வடிவங்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த சதுரமுகியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 6 முகம். உருளைக்கு 3 முகம், கோளத்துக்கு ஒரே முகம். பெட்டியை நீட்டி, உயர்த்தி, ஒடுக்கினால் சுவர். புதிதாக உண்டாக்கும் எந்தப் பிரிமும் ஒட்டுப்பலகை நிறத்தில்தான் வந்து நிற்கும். அதன்மேல் நாம் போர்த்துகிற படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். செங்கல் படத்தைப் போர்த்தினால் செங்கற்சுவர், ஓட்டுப் படத்தைப் போர்த்தினால் கூரை.

நான் என்ன செய்தேன் என்றால், அப்பா நிற்கிற அந்தப் படத்தை அப்படியே ஏற்றி, முன்சுவருக்குப் போர்த்திவிட்டேன். வெளியே நின்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால், உள்ளேயும் அதே வெளிச்சுவர், அதே ஜன்னல், அதே அப்பா! சுவரின் ஓரத்தைப் பார்த்தேன். இருபது சென்ரிமீற்றர் தடிப்புக்குள் அப்பா நூல் போல ஒடுங்கி நின்றார். முழுப் பொருளையும் தெரிவுசெய்துகொண்டு படத்தைப் போட்டதால், ஆறு முகத்திலும் அதே படம் ஏறிவிட்டது.

மகள் சிரித்துவிட்டுத் திருத்திக் காட்டினாள். கட்டும் பெட்டியில் முகத்தைத் தெரிவுசெய் என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, வேண்டிய முகத்தில் மட்டும் சொடுக்கவேண்டும். இரண்டு மூன்று முகம் வேண்டுமானால் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு சொடுக்கலாம். அதன்பிறகு மாற்றுகிற படம், நிறம், ஒளிபுகும் அளவு எல்லாம் அந்த முகத்துக்கு மட்டுமே. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் வீட்டுக்கு உள், வெளி என்ற வித்தியாசமே வந்தது.

படம் போட்டவுடன் வேலை முடியாது. எத்தனை தரம் திரும்ப வரவேண்டும் என்பதையும் முகம் முகமாகக் கொடுக்கவேண்டும். இது கணக்காளர்களுக்குப் பிடித்த இடம். உங்கள் செங்கல் படம் 2 மீற்றருக்கு 2 மீற்றர் சுவரைக் காட்டுகிறது என்று வைப்போம். சுவர் 10 மீற்றர் நீளம், 3 மீற்றர் உயரம். அப்படியென்றால் கிடையாக 5, நெடுக்காக 1.5. ஓர முகத்தின் தடிப்பு 0.2 மீற்றர், அதற்குக் கிடையாக 0.1 என்று கொடுத்தால் செங்கல் நசியாமல் ஒரே அளவில் தொடரும். பலர் இந்த ஓரத்தைக் கவனிப்பதில்லை. ஒரு வீடு பொய்யாகத் தெரிந்தால் முதலில் அதன் ஓரங்களைப் பாருங்கள் என்பேன்.

இன்னொரு எச்சரிக்கை. முகத்துக்கு முகம் வேறு படம் போடலாம் என்றவுடன் பெரிய பெரிய படங்களாக ஏற்றாதீர்கள். 1024க்கு 1024 புள்ளி கொண்ட ஒரு படம் கணினியின் நினைவகத்தில் 4 மெகாபைட் அளவு இடம் பிடிக்கும். 512க்கு 512 என்றால் 1 மெகாபைட்தான். ஒரே படத்தை நூறு முகத்தில் போட்டாலும் அது ஒருமுறைதான் இறங்கும். நூறு படம் என்றால் நூறு முறை. வருகிற விருந்தாளி உங்கள் வாசலில் சாம்பல் நிறச் சுவர்களைப் பார்த்தபடி காத்து நிற்கவேண்டியதுதான். நான்கு சிறிய படங்களை ஒரே படத்தில் நான்கு மூலையிலும் ஒட்டி, ஒவ்வொரு முகத்திலும் இரண்டு பக்கமும் 0.5 என்று கொடுத்து, படத்தைக் கால் பங்கு இப்படியும் அப்படியும் நகர்த்தினால் வேண்டிய மூலை மட்டும் தெரியும். சிக்கனம் நம்முடைய தொழில் அல்லவா!

முன்சுவருக்கு வருகிறேன். படத்தைச் சுவராக்க வேண்டுமானால் அப்பாவை எடுக்கவேண்டும். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில், பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரதி எடுத்து அவர்மேல் பூசவேண்டும். அப்பா 2003இல் காலமானவர். காலில் இருந்து தொடங்கினேன். முகத்துக்கு வந்தபோது கணினியை மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். மிச்சத்தை அடுத்த நாள் மகள் முடித்துத் தந்தாள்.

உட்சுவர்களில் எனக்குத் திருப்தி தந்தது ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் உள்ள சுவர். ஒரே பிரிம்தான். ஹோல் பக்க முகத்துக்கு இளம்பச்சை டிஸ்டெம்பர். குசினிப் பக்க முகத்துக்குப் புகைக்கரி. படம் எதுவும் இல்லை. ஆனால் அம்மாவும் நானும் ஒரே மாதிரிச் சொன்னோம். கரிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுப் பின்வளவில், பழைய பார்பிக்யூ அடுப்புக்குப் பின்னால் செங்கல் கறுத்துப்போயிருந்த இடத்தைப் படம் எடுத்துப் போட்டேன். அம்மாவை என் கதிரையில் இருத்தி, அம்புக்குறி விசைகளால் நடக்கப் பழக்கினேன். நேரே குசினிக்குள் போனார். "இன்னும் மேல வரைக்கும் கரி இருந்தது" என்றார். ஏற்றிவிட்டேன்.

பிறகு பின்பக்கம் போனார். அங்கே ஒட்டுப்பலகை.

"உதென்ன தம்பி, பின்பக்கம் பலகை? நாங்கள் என்ன கொட்டிலிலையோ இருந்தனாங்கள்?"

வவுச்சர் இல்லாமல் பதிவு போடாத பழக்கம் எனக்கு. அந்தச் சுவருக்குப் படம் இல்லை. 18 வயதுவரை அதற்கு முன்னால் கிணற்றடியில் குளித்தவன் நான். ஆனால் நினைத்துப் பார்த்தால் உடுப்புக் கொடியும் வாழையும்தான் வருகின்றன, சுவர் வரவில்லை. வர்த்தகம் படித்தவர்களுக்குத் தொங்கற் கணக்கு என்றால் தெரியும். பலகையை அப்படித்தான் விட்டிருந்தேன்.

அண்ணாவைத் தொலைபேசியில் எடுத்தோம். "பின்சுவர் பூசேல்லை. வெறும் கல்லுத்தான்" என்றார் அவர்.

"ஆர் சொன்னது? பூசி வெள்ளையும் அடிச்சது."

"அம்மா, அதுக்கு வைச்ச காசிலைதான் என்னை வெளியில அனுப்பினது எண்டு அப்பா எனக்குக் கடிதம் போட்டவர்."

அம்மா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் தேத்தண்ணி குடிக்கும்போது தானாகவே சொன்னார்: "அவன் போனாப்பிறகு பூசினது. அவனுக்கு எப்பிடித் தெரியும்?" அண்ணா போனது 1986இல். நாங்கள் வெளிக்கிட்டது 1990இல். இடையில் நான்கு வருடம். பூசியிருக்கலாம். அண்ணா மனம் நோகாமல் இருக்கவும் அம்மா சொல்லியிருக்கலாம். என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

அந்த உலகத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் எண் உண்டு. வெட்டாத பெட்டியில் 0 மேல்முகம், 5 அடிமுகம், சுற்றி நிற்கும் நான்கும் 1 முதல் 4 வரை. சிறு நிரல் ஒன்று எழுதிச் சுவருக்குள் வைத்தால், தொட்டவுடன் குறிப்பிட்ட எண்ணுள்ள முகத்தின் படத்தை மட்டும் அது மாற்றும். மகளிடம் கேட்டு ஐந்தாறு வரியில் ஒன்று எழுதினேன். வெள்ளை அடித்த சுவர் ஒரு படம், வெறும் கல் ஒரு படம். தொட்டால் இது, மறுபடி தொட்டால் அது. வீட்டின் உட்பக்கம் அசையாது.

அண்ணாவுக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தேன். ரொறன்ரோவில் அவருக்குப் பகல் என்றால் எங்களுக்கு இரவு. காலையில் எழுந்து பார்க்கும்போது பின்சுவர் கல்லாக இருந்தால் அண்ணா வந்து போயிருக்கிறார். மத்தியானம் பார்க்கும்போது வெள்ளையாக இருந்தால், அம்மா என் கதிரையில் இருந்து எழும்பிப் போயிருக்கிறார். இருவரும் இதைப்பற்றித் தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அடுத்த மாதம் வரிப் படிவத்தோடு வருகிறேன்.