வெருளாத கை

புதிதாகக் கைத்துப்பாக்கி பழகும் ஒருவன் இலக்கின் முன் நிற்கின்றான். அவன் நிற்கும் நிலை சரியே. கண்ணும் குறி தவறவில்லை. ஆயினும், வலக்கையாற் சுடும் அவனுடைய ரவைகள் நடுவை விட்டு, இடப்புறமாகக் கீழே சென்று பாய்கின்றன. துப்பாக்கி பழுதென்று அவன் குறை கூறுகின்றான். பழுது துப்பாக்கியில் இல்லை. வரப்போகும் அதிர்ச்சியை எதிர்பார்த்து வெருளும் உடலிலேயே உள்ளது.

வெடி தீர்ந்ததும் துப்பாக்கி பின்னே உதைக்கின்றது, பேரொலி எழுகின்றது. இரண்டொரு முறை இவற்றை அனுபவித்த உடல், அடுத்த முறை அவை வருமுன்பே தற்காப்பில் இறங்கிவிடுகின்றது. விசை முழுதும் இழுபடுவதற்குள் கண் இமைக்கின்றது, மணிக்கட்டு முன்னே அழுந்துகின்றது, குழல்வாய் தாழ்கின்றது. உண்மையிலோ, ரவை குழலைக் கடப்பதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்களவே செல்லும். உதைப்பைக் கை உணர்வதற்குள் ரவை வெளியேறிவிடும். ஆகவே குறியைக் கெடுப்பது உதைப்பன்று. உதைப்பைப் பற்றிய அச்சமே.

"அஞ்சாதே" என்று அதட்டுவதால் இது தீராது. வெடியின் அமளியில், தன் கை தாழ்வதைச் சுடுபவன் காண்பதில்லை. அதனாற் பயிற்றுநர் ஓர் உபாயம் செய்வர். மருந்தில்லாத போலித் தோட்டாக்களை மெய்த் தோட்டாக்களோடு கலந்து, அவன் அறியாதபடி துப்பாக்கியில் இடுவர். போலித் தோட்டா வரும்போது வெடியில்லை, உதைப்பில்லை. ஆயினும் குழல்வாய் குனிகின்றது. அப்போது அவன் தன் குற்றத்தைத் தானே காண்கின்றான்.

கண்ட குற்றத்தைத் திருத்தும் வழி நெடியது. தோட்டா இல்லை என்பதை இருமுறை சோதித்து, பாதுகாப்பான திசையை நோக்கி, வெறுந்துப்பாக்கியின் விசையை நாள்தோறும் இழுத்துப் பழகவேண்டும். குறிமுனை அசையாதபடி, மெல்ல, ஒரே சீராக அழுத்தவேண்டும். பின்னர், காதுக்குக் காப்பணிந்து, உதைப்புக் குறைந்த சிறு துப்பாக்கியாற் சுடவேண்டும். வெடி தீரும் கணம் இதுவென்று விரல் முன்கூட்டி முடிவு செய்யலாகாது. சுடுபவனுக்கே அது சிறு வியப்பாக வரவேண்டும்.

கை பழக்கத்துக்கு அடங்கும் என்பதற்கு ஹங்கேரி நாட்டுப் படைவீரர் கரோலி தக்காச் சான்றாவார். 1938ஆம் ஆண்டில், பயிற்சியின்போது கைக்குண்டு வெடித்து, அவர் சுட்டுப் பழகிய வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையாற் சுடக் கற்றார். 1948இல் இலண்டனிலும், 1952இல் ஹெல்சிங்கியிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களில், விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தங்கப்பதக்கம் வென்றார். வெடியொன்றினாற் கையிழந்தவர், மறுகையை வெடியோசையின் நடுவே அசையாது நிறுத்தினார்.

அஞ்சுவது உடலின் இயல்பு. அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. அஞ்சுவதை அறியாதிருப்பதும், அறிந்தபின் பழகாதிருப்பதுமே குறை.